1840களில் ஓரிகனுக்குக் குடிபெயர்ந்த பெண்களின் உடை எப்படி இருந்தது?

தையல் ஆசிரியை, கொடைக்கானல்:
வணக்கம். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஓரிகனுக்கு மாட்டு வண்டிகளோடு குடிபெயர்ந்த அமெரிக்கப் பெண்களைப் பற்றிய ஒரு நாடகத்துக்கு ஆறு உடைகள் தைக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது 1845இல்; அமெரிக்க மிஷனரிகள் நம் ஊரில் முதல் வீடுகளைக் கட்டிய அதே ஆண்டு. என்னிடம் தந்த மாதிரிப் படத்தில் வளையம் வைத்து விரித்த பாவாடையும் கழுத்து நிறைய லேஸும் இருக்கின்றன. ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் தொலைவில் பெரும்பகுதியை வண்டியோரம் நடந்தே கடந்தவர்கள் இப்படியா உடுத்தியிருப்பார்கள்?

வாசகர், குன்னூர்:
உங்கள் ஐயம் சரியானதே. எஃகு வளையப் பாவாடை 1856இல்தான் வந்தது. வழியில் அவர்கள் உடுத்தியது, இடுப்பில் சுருக்கம் வைத்த முழுக்கைப் பருத்தி உடையும் அதன்மேல் ஓர் ஏப்ரனும். நாம் சீட்டித்துணி என்று சொல்வதைப் போன்ற அச்சுத்துணியை அவர்கள் காலிகோ என்றார்கள். நம் மலையிலிருந்து மேற்கே இறங்கினால் வரும் கோழிக்கோட்டின் பெயர்தான் அப்படித் திரிந்தது. குளிருக்கு, பாவில் ஆளிநூலும் ஊடையில் கம்பளியும் ஓட்டி நெய்த முரட்டுத்துணி இருந்தது. அவுரி நீலமும், அக்ரூட் காயின் மேல்தோலைக் காய்ச்சி எடுத்த பழுப்பும் பொருத்தமான நிறங்கள்.

வாசகி, கொடைக்கானல்:
தலையணியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அந்த வெயிலில் அவர்களைக் காத்தது அதுதான். முகத்தைத் தாண்டி நீளும் முன்விளிம்பில் விரல் அகலத்துக்கு வரிசையாக உறைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் மெல்லிய மரச்சில்லையோ அட்டையையோ செருகுவார்கள், துவைக்கும்போது உருவிவிடலாம். பிடரியை மறைக்கப் பின்னால் ஒரு துணி தொங்க வேண்டும். சமவெளிக் காற்றில் பாவாடை பறக்காமலிருக்க ஓர மடிப்பில் ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்தவர்களும் உண்டு. பிள்ளைகளுக்கு ஈயம் வேண்டாம், இரும்பு வாஷர் போதும்.

தையல் ஆசிரியை, கொடைக்கானல்:
மிக்க நன்றி. பாவாடைக்குள் கால்சட்டை அணிய ஒரு மாணவி விரும்புகிறாள். அது பொருந்துமா?

வாசகர், குன்னூர்:
குட்டைப் பாவாடையும் கால்சட்டையும் சேர்ந்த 'புளூமர்' உடை 1851இல்தான் பரவலாகப் பேசப்பட்டது. அதன்பின் ஓரிகன் வழியில் சிலர் அதை அணிந்தும் நடந்தார்கள். 1845இல் நடக்கும் கதைக்கு அது வேண்டாம். சிங்கர் தன் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றதும் 1851இல்தான். ஆகவே வெளியே தெரியும் ஓரங்களையாவது கைத்தையலில் முடியுங்கள்.