கேரவனில் பிள்ளைகளோடு நியூசிலாந்து: வடசென்னைக் குடும்பங்களின் அனுபவப் பகிர்வு

தண்டையார்பேட்டையிலிருந்து:

கேரவன் என்றால் எங்கள் தெருவில் சினிமா நடிகர்களின் வண்டி என்றுதான் பொருள். ராயபுரம் பக்கம் படப்பிடிப்பு நடக்கும்போது, சாலையோரம் நிற்கும் அந்த வண்டியின் கதவு எப்போது திறக்கும் என்று காத்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே அரையாண்டு விடுமுறையில் நியூசிலாந்தின் தென்தீவைக் கேரவனில் சுற்றி வரலாம் என்று கணவர் சொன்னபோது, ஒன்பது வயது மகளும் ஐந்து வயது மகனும் ஒப்பனைக் கண்ணாடியும் சோபாவும் இருக்கும் என்றே நம்பினார்கள். கிறைஸ்ட்சர்ச்சில் எங்களுக்குக் கிடைத்த வண்டியில் இருந்தவையோ, பகலில் மேசையாகவும் இரவில் கட்டிலாகவும் மாறும் ஒரு பலகை, இரண்டு எரிவாயு அடுப்புகள், ஒரு சிறிய தண்ணீர்த் தொட்டி, அடியில் இழுத்தெடுக்கும் பெட்டி பொருத்திய ஒரு கழிப்பறை, அவ்வளவுதான்.

பிள்ளைகளின் முகம் வாடியது. எங்களோடு வந்த அத்தைக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு மட்டும் எந்த மலைப்பும் இல்லை. கொருக்குப்பேட்டையில் எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே அடிபம்பும் ஒரே கழிப்பறையும் இருந்த ஒண்டுக்குடித்தனத்தில் நான்கு பிள்ளைகளை வளர்த்தவர் அவர். சாப்பிட்ட தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுப் பிறகு ஒரு கிண்ணத் தண்ணீரில் கழுவுவது, அரிசி கழுவிய நீரைக் கொட்டாமல் எடுத்து வைப்பது, பாயைச் சுருட்டிய பின்னரே அடுப்பைப் பற்றவைப்பது என்று முதல் நாளிலேயே வண்டிக்கு ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்துவிட்டார். 2019இல் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்த கோடையை நாங்கள் மறந்திருந்தோம். அவர் மறக்கவில்லை.

கழிப்பறைப் பெட்டியைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன், ஏனெனில் பயணக் கட்டுரைகளில் இதை நாசூக்காகத் தாண்டிவிடுகிறார்கள். அது நிறைந்ததும், அதற்கென்று அமைத்திருக்கும் கழிவிடத்துக்கு நாமே எடுத்துச் சென்று கொட்டிக் கழுவ வேண்டும். வேறெங்கும் கொட்டுவது சட்டப்படி குற்றம். கணவர் முதல் முறை கையுறை மாட்டிக்கொண்டு போனபோது, "இதையெல்லாம் அப்பா ஏன் செய்யணும், ஆள் இல்லையா?" என்று மகள் கேட்டாள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்த பிறகும், பாதாளச் சாக்கடையில் ஆள் இறங்குவதை நம் தெருக்களில் பார்த்து வளர்ந்த குழந்தை அப்படித்தானே கேட்பாள்? மறுமுறை தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு அவளும் கூடவே நின்றாள்.

உண்மையில் எங்களைத் தடுமாற வைத்தது வண்டியின் நெருக்கடி அன்று, வெளியே இருந்த வெறுமைதான். தென்தீவு பரப்பளவில் தமிழ்நாட்டைவிடப் பெரியது. ஆனால் அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 12 லட்சம் பேரே. டெக்காப்போ ஏரிக்கரையில் தங்கிய இரவில், ஒன்பது மணிக்கு மேல்தான் வெளிச்சம் அடங்கியது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. "யாருமே இல்லை ஆயா" என்று மகன் அழத் தொடங்கினான். ஏழரை மணி நேர வித்தியாசத்தில் உடம்பும் குழம்பியிருந்தது. கடைசியில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் எப்போதோ எடுத்த ஒரு காணொளியைக் கணவர் கைபேசியில் ஓட்டினார். ரயில் ஊதுகிறது, ஆட்டோக்கள் உறுமுகின்றன, யாரோ யாரையோ திட்டுகிறார். அதைக் கேட்டபடியே அவன் தூங்கிப்போனான். அடுத்த மூன்று இரவுகளும் அதுவே தாலாட்டு.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

சகோதரியின் அனுபவத்தோடு எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. எங்களோடு அப்படி ஒரு ஆயா வரவில்லை. அடுக்குமாடியில் ஆளுக்கொரு அறையில் வளர்ந்த என் மகன்கள் இருவரும் முதல் மூன்று நாள்கள் ஓயாமல் சண்டையிட்டார்கள். ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுத்த பிறகே அமைதி திரும்பியது. வண்டி புறப்படுமுன் மின்கம்பியைக் கழற்றிச் சுருட்டுவது பெரியவன் வேலை, இழுப்பறைகளைப் பூட்டுவது சின்னவன் வேலை. ஒரே ஒரு நாள் சின்னவன் மறந்தான். ஆர்தர்ஸ் பாஸ் மலைப்பாதையின் முதல் வளைவிலேயே தட்டுகள் அனைத்தும் தரையில் கிடந்தன. அதே மலையில், கியா என்னும் பச்சைக் கிளி எங்கள் வண்டியின் கதவு ரப்பரைக் கொத்திப் பிய்த்ததை மகன்கள் இன்னும் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறார்கள்.

இன்னொன்று. விமான நிலையத்தில் உணவுப் பொருளை மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். நான் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டார்கள், கடையில் வாங்கிய ஊறுகாய்ப் பொட்டலங்களை விட்டுவிட்டார்கள். ஏழு வயது நிரம்பாத குழந்தைக்கு அதற்கென்றே உள்ள பாதுகாப்பு இருக்கை கட்டாயம் என்பதை வண்டி பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்துப் பழகிய நமக்கு அது தோன்றவே தோன்றாது.

காசிமேட்டிலிருந்து:

எட்டு வயதான என் மகள் ஆங்கிலவழிப் பள்ளியில்தான் படிக்கிறாள். எனினும் அங்கே ஆறு நாள்களாக வெளியாள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. வண்டிகள் தங்கும் முகாம்களின் பொதுச் சமையலறையில் பிற பிள்ளைகள் கூப்பிட்டாலும் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் பிக்டன் ஊரின் படகுத்துறையில், முதியவர் ஒருவர் தாம் பிடித்த மீனைப் பலகையில் கிடத்தி அளவுகோல் வைத்து அளந்து, அதைத் திரும்பக் கடலில் விட்டதைப் பார்த்ததும், அவளாகவே அருகில் போய் ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள். நீலக் காட் என்னும் அந்த மீன் 33 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் பிடிக்கக் கூடாது என்று அவர் விளக்கினார்.

அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. எங்கள் ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா என்று சொன்னாள். இந்தக் கடற்பகுதியிலும் இந்த மீனுக்கு செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 19 வரை தடை என்றும், அது முடிந்து சில நாள்களே ஆகின்றன என்றும் அவர் சொன்னார். என் கைபேசியை வாங்கி, பெரியப்பாவின் படகுப் படத்தைக் காட்டி, முகப்பில் எழுதியிருந்த பெயரை எழுத்தெழுத்தாக அவருக்குப் படித்துக் காட்டினாள்.

பொழுதுபோக்காகப் பிடித்த மீனை அங்கே விற்கக் கூடாது, ஆனால் கொடுக்கலாமாம். அவர் கொடுத்த வேறொரு மீனை வண்டிக்குள் கொண்டுவந்ததும், அவள் தன் பள்ளி அளவுகோலைத் தேடியெடுத்து அளந்தாள். 36 செ.மீ. இருந்தது. குழம்பு வைக்கத்தான் புளி போதவில்லை.