பேட்மிண்டன் டபுள்ஸுக்கு ராக்கெட்: வலையோரம் ஆடுகிறவர்கள் யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. திருச்சியில் தினமும் சாயங்காலம் இன்டோர் கோர்ட்டில் டபுள்ஸ் மட்டும்தான் ஆடுகிறேன். பார்ட்னர் பின்னாலிருந்து ஸ்மாஷ் அடிப்பார், வலையோரம் நிற்பது நான். கையில் இருப்பது 3யூ எடைப் பிரிவில், தலை கனமான ராக்கெட். எதிராளி உடம்பைப் பார்த்து டிரைவ் (வலைக்கு மேலே தட்டையாக, வேகமாக) அடித்தால், பேக்ஹேண்டுக்குத் திருப்புவதற்குள் ஷட்டில் விலாவில் வந்து படுகிறது.

அதைவிட லேசான 4யூ, அதாவது 80 முதல் 84.9 கிராமுக்குள் எடுக்கலாம் என்றிருக்கிறேன். யோனெக்ஸ் ஆஸ்ட்ராக்ஸ் 88எஸ் முன்னால் ஆடுகிறவர்களுக்கென்றே வந்தது. நானோஃபிளேர் 800 தலை லேசானது, கை சட்டென்று திரும்பும். ஆனால் ஆட்டத்தில் இடம் மாறும்போது நானும் பின்னால் போய் ஸ்மாஷ் அடிக்க வேண்டிவரும், அதற்குத் தலையில் கொஞ்சம் கனம் வேண்டும். அதனால் மனசு 88எஸ் பக்கம்தான் சாய்கிறது. இரண்டையும் ஆடிப் பார்த்தவர்கள் உண்டா?

அப்புறம் கிரிப். ஒரிஜினல் கிரிப்பை உரித்துவிட்டு மெல்லிய ஓவர்கிரிப் மட்டும் சுற்றினால் விரலில் பிடி நன்றாக இருக்கிறது. ஆனால் கைப்பிடியில் எடை குறைந்து, பேலன்ஸ் தலைப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. இதைச் சரிசெய்யக் கைப்பிடியின் அடியில் லெட் டேப் (ஈயப் பட்டை) ஒட்டியவர்கள் எத்தனை கிராம் வைத்தீர்கள்?

ஸ்ட்ரிங் விஷயத்தில் இப்போது இருப்பது 0.70 மில்லிமீட்டர் தடிமனுள்ள யோனெக்ஸ் பிஜி65, 24 பவுண்ட் இழுவிசையில். 0.65 மில்லிமீட்டர் பிஜி66 அல்டிமாக்ஸுக்கு மாறினால் தெறிப்பு கூடும், தெரியும். பிளாஸ்டிக் ஷட்டில் அல்ல, இறகு ஷட்டில்தான் ஆடுகிறோம். நம்மூர் வெயிலில் அந்த மெல்லிய ஸ்ட்ரிங் எத்தனை வாரம் தாங்கும்? அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறேன்.