கொள்கலனுக்கு முன் ஊர் றோட்டைப் பாருங்கோ

அன்பான ஊரவர்களுக்கு,

தமிழ்நாட்டில், தருமபுரி இலங்கை அகதிகள் முகாமிலிருந்து எழுதுகிறேன். உடுப்பும் பள்ளிக்கூடச் சாமானும் ஒரு கொள்கலன் நிறைய ஊருக்கு அனுப்ப ரொறன்ரோவிலும் லண்டனிலும் பேச்சு நடப்பதை வாசித்தேன். மனம் நிறைந்தது. ஆனாலும் அந்தக் காசை முதலில் உள்றோட்டுக்கும் உடைந்த மதகுக்கும் போடுங்கோ என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பாதை பூட்டிக் கிடந்த காலம் உங்களில் பலருக்குத் தெரியும். தொண்ணூறுகளில் அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, சைக்கிள் வால்வில் கோத்த நூல்திரி, பஞ்சு நனைய மட்டும் மண்ணெண்ணெய். அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது, ஏப்ரலில் ஏ9, அதுதான் கண்டி–யாழ்ப்பாணப் பெருந்தெரு, யாழ்ப்பாணம் வரை திறந்தது. சனம் றோட்டோரம் நின்று அழுதது.

ஆனால் பெருந்தெரு திறந்த கையோடு உதவி வீட்டுக்கு வந்துவிடவில்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டிய லொறி நம்முடைய சந்தியில் நின்றுவிடும். உள்றோட்டில் மாரிச் சேறு, கரையோரம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை. அரிசி மூட்டையைச் சைக்கிள் கரியரில் கட்டி, ஒருவர் பிடிக்க ஒருவர் தள்ளினோம். இருட்ட முன் நாலு வீட்டுக்குக் கொடுத்தாலே பெரிய காரியம். 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9ஐ மீண்டும் பூட்டினார்கள். பிறகுதான் நாங்கள் படகேறினோம்.

2009இல் ஐரோப்பாவில் நம்மவர்கள் சேர்த்த சாமானுடன் வந்த வணங்காமண் கப்பலுக்கு நடந்ததையும் நினையுங்கோ. இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. சாமான் சென்னையில் இறங்கி, வேறு கப்பலில் கொழும்புக்குப் போனது. கொடுத்தவர்களின் அன்பில் குறையில்லை, பாதைதான் இல்லை.

இப்போது ஏ9 நல்லாய் இருக்கிறது. சந்தியிலிருந்து ஊருக்குள்தான் கஷ்டம். போன மாரியில் மதகு அள்ளுப்பட்டு, பிரசவ வலி வந்த பிள்ளையை உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சந்திக்குக் கொண்டுபோனார்கள் என்று தங்கச்சி சொன்னாள். அம்புலன்ஸ் சந்தியிலேயே நின்றதாம். இங்கே பாலக்கோடு பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரமே கழுதை முதுகில்தான் ஏறிப்போனது. றோட்டில்லாத ஊருக்கு அரசாங்கம் நினைத்தாலும் அவ்வளவுதான்.

உள்றோட்டு பிரதேச சபைக்குரியது. எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு லோட் கிறவல் மண்ணும் கொட்ட வேண்டாம். காசைத் தனியாள் கையில் கொடுக்காமல் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே போடுங்கோ. ஐப்பசியில் மழை பிடித்துவிடும், கிறவல் இறுகவும் நாள் வேண்டும். ஆவணிக்குள் வேலை தொடங்க வேண்டும். சம்மதமானவர்கள் இந்தக் கிழமையே பதில் எழுதுங்கோ.