பென் டிரைவ் லினக்ஸில் வைஃபை பிடிக்காத நாட்கள்: வட சென்னை அனுபவங்கள்

வியாசர்பாடியிலிருந்து

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் தெருப் படிப்பகத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கீழே வைத்திருந்த இரண்டு கம்ப்யூட்டரும் போயின. அதன் பிறகு தெரிந்தவர்கள் கொடுத்த நான்கு பழைய லேப்டாப்களை வைத்துத்தான் மாலை வகுப்பு நடக்கிறது. இரண்டில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. அதனால் நான்கையுமே பென் டிரைவில் பப்பி லினக்ஸ் ஏற்றி ஓட்டுகிறோம். லினக்ஸ் என்பது விண்டோஸ் போல ஒரு இயங்குதளம். ஆஸ்திரேலியாவின் பேரி கௌலர் 2003இல் தொடங்கிய சின்ன லினக்ஸ்தான் பப்பி. மொத்தமும் ரேமில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 2 ஜிபி ரேம் இருந்தாலே பிள்ளைகள் பாடம் பார்க்க, விண்ணப்பம் நிரப்பப் போதும்.

போன வருடம் ஒரு நாள் மாலை, பக்கத்துத் தெருப் பெண் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வந்தாள். மறுநாள் கடைசி நாள். காலியாக இருந்த லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகித் திறந்தேன். வைஃபை பட்டியலில் ஒன்றுமே இல்லை. எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். போனை எடுத்தால் இருபது பேர் வீட்டு வைஃபை தெரியும். இதில் எங்கள் ரவுட்டர் கூடத் தெரியவில்லை.

வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைக்கிறோம். பப்பியின் வேறு பதிப்பை இறக்கி, பென் டிரைவை அழித்து எழுதிப் பார்த்தேன். அது சரிப்படாமல் இன்னொரு பதிப்பு. இரண்டு மணி நேரம் போய்விட்டது. அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில், பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் லேப்டாப்பின் முன் விளிம்பைத் தடவி, "அண்ணா, இங்க ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கு, அது என்னா?" என்று கேட்டான். தள்ளினோம். வரிசையாக எல்லா வைஃபையும் வந்து விழுந்தன.

அன்றிலிருந்து நான் முதலில் கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையைத் திறந்து 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கட்டளையைக் கொடுத்துப் பார்க்கிறேன். அதில் இரண்டு வரி வரும். 'சாஃப்ட் பிளாக்' என்பதற்கு நேரே 'யெஸ்' என்று இருந்தால் மென்பொருள் அடைத்திருக்கிறது. 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' என்று கொடுத்தால் திறந்துவிடும். 'ஹார்ட் பிளாக்' என்பதற்கு 'யெஸ்' என்று இருந்தால் எந்தக் கட்டளையும் உதவாது. லேப்டாப்பில் எங்கோ ஒரு ஸ்விட்சோ, விமானப் படம் போட்ட பொத்தானோ இருக்கிறது. அதைத் தேட வேண்டும். ஐந்து விநாடி வேலை. அந்தப் பெண்ணின் இரண்டு மணி நேரத்தை வீணாக்கியது இன்னும் மனதில் உறுத்துகிறது. விண்ணப்பம் இரவு பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பப்பியை முதல் முறை அணைக்கும்போது, செய்ததையெல்லாம் சேமித்து வைக்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொன்னால் வைஃபை பாஸ்வேர்டும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொரு நாளும் புதிதாக அடிக்க வேண்டும். சேமித்தால் வசதிதான், ஆனால் பாஸ்வேர்டு பெரும்பாலும் யார் திறந்தாலும் படிக்கக்கூடிய வெறும் எழுத்தாகவே கோப்பில் கிடக்கும். கை மாறிக்கொண்டே இருக்கும் பென் டிரைவில் வீட்டு வைஃபையைச் சேமிக்காதீர்கள். நாங்கள் ரவுட்டரில் விருந்தினருக்கான தனி வைஃபையைத் திறந்து, அதை மட்டும் சேமித்திருக்கிறோம்.

உங்களுக்கு எப்படி மாட்டியது, எப்படிச் சரியானது என்று சொல்லுங்கள்.

ராயபுரத்திலிருந்து

தம்பி, எனக்கு ஸ்விட்ச் எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை. என் அண்ணன் மகன் லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதை நான் தொடக்கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். அதனால் என் கணக்கு வழக்கை எல்லாம் என் பென் டிரைவில் உள்ள லினக்ஸில் பார்ப்பேன். விண்டோஸில் வைஃபை ஜம்மென்று வரும். அணைத்துவிட்டு என் பென் டிரைவில் திறந்தால் கார்டின் பெயர் தெரியும், ஆனால் அது எழுந்திருக்காது. ஒரு நாள் வரும், மூன்று நாள் வராது. வந்த நாளில் என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

வித்தியாசம் இதுதான். வந்த நாட்களில் விண்டோஸை 'ரீஸ்டார்ட்' கொடுத்து அப்படியே பென் டிரைவுக்கு மாறியிருந்தேன். வராத நாட்களில் 'ஷட் டவுன்' கொடுத்திருந்தேன். விண்டோஸ் 8இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. மறுமுறை சீக்கிரம் எழுவதற்காகப் பாதித் தூக்கத்தில் போகிறது. சில வைஃபை கார்டுகளும் அந்த நிலையிலேயே நின்றுவிடும். பின்னால் வரும் லினக்ஸால் அதை எழுப்ப முடியாது. ரீஸ்டார்ட் கொடுத்தால் முழுதாக அணைந்து எழும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும்.

வைஃபைக்கு மட்டும் இல்லை, அந்தப் பாதித் தூக்கத்தில் இருக்கும் டிஸ்க்கில் லினக்ஸிலிருந்து எதையும் எழுதக்கூடாது. கோப்புகள் கெட்டுவிடும். அடுத்தவர் லேப்டாப்பில் பென் டிரைவ் போடுகிறவர்கள் இதை மறந்துவிடாதீர்கள்.

காசிமேட்டிலிருந்து

தோழர், நம் வீடு கடலுக்கு எதிரே. உப்புக்காற்றுக்கு எதுவும் நிற்காது. என் லேப்டாப்பின் உள் வைஃபை கார்டு எப்போதோ போய்விட்டது. யுஎஸ்பி போர்ட்டின் தகடுகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். ரிச்சி தெருவில் நகம் அளவுக்கு ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கினேன். செருகினால் வைஃபை வரவில்லை, திரையில் ஒரு சிடி டிரைவ் படம் வந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று திரும்பப் போகவிருந்தேன்.

ஏமாற்று இல்லை. விண்டோஸுக்கான டிரைவரை டாங்கிளுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். செருகியதும் முதலில் சிடியாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். அந்தச் சிடிப் படத்தின் மேல் வலது சொடுக்கில் 'எஜெக்ட்' கொடுத்தேன். சிடி மறைந்தது, ஓரிரு விநாடியில் அதே டாங்கிள் வைஃபை கார்டாக மறுபிறவி எடுத்தது. இதைத் தானாகச் செய்ய 'யுஎஸ்பி மோடுஸ்விட்ச்' என்று ஒரு நிரல் இருக்கிறது. உங்கள் லினக்ஸில் அது இருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டியதே இல்லை.

சரி, பிடித்தது. ஆனால் வேகம்? நெட்வொர்க் தெரியும், மறையும், தெரியும், மறையும். ரவுட்டர் பக்கத்து அறையில்தான். போனில் அதே இடத்தில் முழுக் கோடும் காட்டியது. மூன்று வாரம் இதே கதை. ஒரு நாள் படம் ஒன்றை வேறு பென் டிரைவில் எடுப்பதற்காக டாங்கிளைக் கழற்றி லேப்டாப்பின் மறுபக்கம் செருகினேன். அன்று இரவு முழுக்க ஒரு முறை கூட அறுந்து போகவில்லை.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். யுஎஸ்பி 3 இணைப்பில் தரவு ஓடும்போது அதிலிருந்து கிளம்பும் இரைச்சல், வைஃபை ஓடுகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து ஓர் ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? யுஎஸ்பி 3 பென் டிரைவில் இயங்குதளத்தைப் போட்டு, அதற்கு ஒட்டினாற்போல் அடுத்த துளையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளைச் செருகுகிறோம். காசிமேடு ஏலத்துக்கு நடுவில் நின்று போன் பேசுகிற மாதிரி. மற்ற லினக்ஸைவிட நமக்குத்தான் இந்தப் பிரச்சினை அதிகம் வரும், ஏனென்றால் பென் டிரைவைச் செருகாமல் நம்மால் தொடங்கவே முடியாது.

இப்போது ஒரு முழ நீளத்துக்கு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை ஜன்னல் பக்கம் தொங்கவிட்டிருக்கிறேன். அல்லது பென் டிரைவைப் பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகுங்கள். தொடங்க நேரம் ஆகும், வைஃபை நிற்கும். பப்பி முழுதும் ரேமில் ஏறியபின் பென் டிரைவைக் கழற்றியே வைக்கலாம், ஆனால் சேமிப்புக் கோப்பு அதில் இருந்தால் மட்டும் கழற்றாதீர்கள்.

பெரம்பூரிலிருந்து

எனக்கு நடந்தது வேறு. இணைந்துவிட்டது, முழுக் கோடு. ஒரு பக்கமும் திறக்கவில்லை. பாதுகாப்பு எச்சரிக்கை மட்டும் சிவப்பாக வந்தது. கம்பிவடக்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். அவர் மேல் தப்பே இல்லை, மறுநாள் மன்னிப்புக் கேட்டேன்.

முதலில் 'பிங்' கட்டளையில் 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் நெட் இருக்கிறது. பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. எனக்கு இரண்டுக்குமே பதில் வந்தது. அப்படியும் பக்கம் திறக்கவில்லை என்றால் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். என் லேப்டாப்பில் 2009 ஜனவரி 1 என்று இருந்தது. இன்றைய தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் 2009இல் இன்னும் பிறக்கவே இல்லை, உலாவி அதை எப்படி நம்பும்?

உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருந்தது. பழைய லேப்டாப்பில் சாதாரணமாக நடப்பது. பெரும்பாலும் சிஆர் 2032 வகைதான், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். என் லேப்டாப்பில் அது ஒரு சின்ன வயரோடு சேர்ந்து வந்தது, அதனால் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அதுவரை திறக்கும்போதெல்லாம் கையால் தேதியை மாற்றிக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூரிலிருந்து

என் கதை சின்னது. வீட்டில் புது ரவுட்டர் வந்த நாளிலிருந்து பென் டிரைவ் லினக்ஸில் மட்டும் 'பாஸ்வேர்டு தவறு' என்றே வந்தது. பாஸ்வேர்டு சரிதான். ரவுட்டரில் பாதுகாப்பு டபிள்யூபிஏ 3 மட்டும் என்று வைத்திருந்தார்கள். 2018இல் வந்த முறை அது. என் கார்டும் அந்தப் பழைய லினக்ஸ் பதிப்பும் அதற்கு முந்தையவை. ரவுட்டர் அமைப்பில் டபிள்யூபிஏ 2, 3 இரண்டும் கலந்து என்று மாற்றியதும் உடனே இணைந்தது. ரவுட்டரைத் தொட முடியாத வாடகை வீட்டில் இருப்பவர்கள், புதிய பதிப்பை முயன்று பாருங்கள்.

வியாசர்பாடியிலிருந்து

அக்கா, தோழர், எல்லோருக்கும் நன்றி. ரீஸ்டார்ட் விஷயம் எனக்குத் தெரியாது. எங்களுடைய மூன்றாவது லேப்டாப் செய்யும் சேட்டைக்கு அதுதான் காரணமாக இருக்கும்.

எதுவுமே கைகொடுக்காத நாளுக்கு நாங்கள் வைத்திருக்கும் வழி ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜ் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். வைஃபை டிரைவர் தேவையே இல்லை. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்களில் அதே வைஃபைதான் கேபிள் வழியாக வரும், டேட்டா குறையாது. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவுக் கேபிள் வேண்டாம், தரவும் போகிற கேபிளாக இருக்க வேண்டும். டிரைவர் இல்லாத லேப்டாப்பில் டிரைவரை இறக்குவதற்கே நெட் வேண்டுமே, அதற்கும் இந்த வழிதான்.

நான்காவது லேப்டாப் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. 'எல்எஸ்பிசிஐ' கட்டளையில் கார்டு தெரிகிறது. எண் 8086 என்று தொடங்கவில்லை, அதாவது இன்டெல் கார்டு இல்லை. அதற்கான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிப்போடு அச்சாகப் பொருந்த வேண்டும், வேறு பதிப்புக்குச் செய்ததைப் போட்டால் ஏறாது. எங்கள் கெர்னலின் பதிப்பு எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படிப்பகம் திறந்திருக்கும். இந்த வேலை தெரிந்தவர்கள் வந்தால் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். காசிமேட்டுத் தோழர், அந்த எக்ஸ்டென்ஷன் கேபிளை எடுத்து வாருங்கள்.