சிவராத்திரிக்கு மறுபடியும் 'திருவிளையாடல்': திரை காத்துல நெளியுது

கேள்வி: பாம்பன் பக்கம் கடலோரத் தெரு. வருஷா வருஷம் இதே படம்தான். வெள்ளைத் துணியில முகமெல்லாம் கோணுது. என்ன பண்ணலாம்?

பதில் 1: நாலு மூலையில மட்டும் கட்டினா அது திரை இல்லை, படகுப் பாய். ஓரம் மடிச்சுத் தைச்சு அடிக்கொரு வளையம் போட்டு, குழாய்ச் சட்டத்துல நைலான் கயிறால இழுத்துக் கட்டுங்க. கீழ் மடிப்புல ஒரு இரும்புக் குழாய் நுழைச்சா பாதித் தொல்லை தீரும். வடகிழக்குக் காத்து வீட்டுச் சுவர்ல தடைபடுற பக்கமாப் பாருங்க. சுண்ணாம்பு அடிச்ச சுவரே இருந்தா துணி எதுக்கு?

பதில் 2: மாசிப்பனி மச்சைத் துளைக்கும்! நடுராத்திரிக்கு மேல லென்ஸ்ல ஈரம் பூக்கும், புரொஜெக்டருக்கு மேல கூரை வேணும். உப்புப் படிஞ்ச லென்ஸைக் காய்ஞ்ச துணியால தேய்க்காதீங்க, கீறிடும். முதல்ல ஊதித் தட்டணும்.

பதில் 3: 1965 படம் இன்னும் ஓடுறதுக்குக் காரணம் அதோட அமைப்பு. தனித்தனிக் கதைகள், பாதியில தூங்கி எழுந்தாலும் ஒண்ணும் விட்டுப்போகாது. தருமி புலம்புறப்போ சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க, நாகேஷுக்கு முன்னாடி கூட்டமே வசனம் சொல்லும். மீனவர் கதைக்கு மட்டும் ஏத்துங்க. நம்ம கரையில அதுக்குத்தான் விசில்.