நர்ஸ், டீச்சர்களுக்கு அமெரிக்காவில் டவுன் பேமெண்ட் உதவி: கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஃப்ளோரிடா மாநிலத்தின் டாம்பாவில் நர்ஸாகச் சேர்ந்து சில மாதங்களே ஆன தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆஸ்பத்திரி வேலையில் இருந்தால் அரசாங்கமே டவுன் பேமெண்ட் கொடுத்துவிடுமாமே அண்ணா, நிஜமா?"

பாதி நிஜம். வீட்டு விலையில் முதலில் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய அந்தத் தொகைக்கு உதவி கொடுக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான இடங்களில் அது இனாம் இல்லை. வீட்டின் மேல் ஏறும் இரண்டாவது கடன். வட்டி இருக்காது, மாதத் தவணை இருக்காது, அதனால் கடன் என்றே தோன்றாது. வீட்டை விற்கும் நாளில்தான் அது ஞாபகத்துக்கு வரும். யாருக்கு, எந்த நிபந்தனையில் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆகவே "அமெரிக்காவில் தருகிறார்கள்" என்று பொதுவாகச் சொல்பவர் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் மாநில வீட்டுவசதி நிதி அமைப்பு என்ன சொல்கிறது என்று மட்டும் பாருங்கள்.

அதற்கும் முன்னால் விசா. இதைப் பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். சிறிய டவுன் பேமெண்ட்டுக்குப் பேர்போனது எஃப்.ஹெச்.ஏ. கடன், அதாவது மத்திய அரசு காப்புறுதி தரும் வீட்டுக் கடன்: க்ரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண்) 580 இருந்தால் 3.5 சதவீதம் போதும். ஆனால் 2025 மே 25 முதல் அந்தக் கதவு குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான், சில பசிபிக் தீவு நாட்டவர் மட்டும் விதிவிலக்கு. ஹெச்-1பி, எல்-1 வேலை விசாக்கள், படிப்பு முடித்தவர்களின் ஓ.பி.டி. எல்லாம் வெளியே. பழைய வீடியோக்களில் "ஹெச்-1பி இருந்தாலே எஃப்.ஹெச்.ஏ. கிடைக்கும்" என்று சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அது சரி, இன்றைக்கு இல்லை. மாநில உதவித் திட்டங்களில் பல இந்தக் கடனோடு ஒட்டித்தான் வருகின்றன, ஆகவே அவையும் சேர்ந்தே போய்விடும். வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஃபேனி மே, ஃப்ரெடி மேக் (வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள்) வழிக் கடன்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் 3 சதவீத டவுன் பேமெண்ட் திட்டங்களும் உண்டு. ஆனால் அவற்றில் ஹோம்ரெடி, ஹோம் பாசிபிள் என்ற இரண்டுக்கும் உங்கள் வருமானம் அந்தப் பகுதியின் நடுத்தர வருமானத்தில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாஃப்ட்வேர் சம்பளத்தில் அது பெரும்பாலும் இடிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், நம் ஆட்களில் இந்த விஷயத்தில் நர்ஸ்களின் கைதான் ஓங்கியிருக்கிறது. இ.பி.-3 என்ற வேலைவழிக் குடியேற்ற விசாவில் வரும் நர்ஸ் விமானத்திலிருந்து இறங்கும்போதே நிரந்தரமாக வசிக்கும் உரிமையோடு இறங்குகிறார். கிரீன் கார்டு பின்னாலேயே தபாலில் வருகிறது. கூட வரும் கணவருக்கும் அதே. ஆனால் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவிலோ ஹெச்-1பி-யிலோ வரும் பள்ளி ஆசிரியருக்கு வேலைப் பட்டியலில் இடம் இருக்கும், விசாவில் அடிபடும்.

சரி, தங்கையின் ஃப்ளோரிடாவுக்கு வருவோம். அங்கே இருப்பது ஹோம்டவுன் ஹீரோஸ். 2022-ல் தொடங்கியபோது நர்ஸ், ஆசிரியர், போலீஸ் என்று குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் இருந்தது. 2023-ல் சட்டம் மாறி, ஃப்ளோரிடா நிறுவனத்தில் முழுநேர வேலை பார்க்கும் யாருக்கும் என்று விரித்துவிட்டார்கள். வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை, க்ரெடிட் ஸ்கோர் 640, முதல் வீடு, வருமான வரம்பு ஆகியவை அடிப்படை நிபந்தனைகள். முதல் கடனில் 5 சதவீதம் வரை, உச்சமாக 35,000 டாலர். கணக்கு போட்டுப் பாருங்கள்: 4 லட்சம் டாலர் வீடு, 3.5 சதவீத டவுன் பேமெண்ட் 14,000, கடன் 3,86,000. அதில் 5 சதவீதம் என்றால் 19,300. டவுன் பேமெண்ட் போக 5,300 க்ளோசிங் காஸ்ட்டுக்கு (வீடு கைமாறும்போது வரும் கட்டணங்களுக்கு) மிஞ்சும். அந்த 19,300-க்கு வட்டி இல்லை. ஆனால் தள்ளுபடியும் இல்லை. விற்றாலோ, ரீஃபைனான்ஸ் செய்தாலோ (புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைத்தாலோ) முழுசாகத் திருப்பிக் கட்ட வேண்டும். ரீஃபைனான்ஸ் என்ற அந்த ஒரு சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். "இப்போது வாங்கு, வட்டி இறங்கினதும் மாற்றிக்கலாம்" என்று வீட்டுத் தரகரான ரியல்டர் சொல்லுவார். மாற்றும் நாளில் 19,300 டாலர் கையில் இருக்க வேண்டும் என்று அவர் சொல்ல மாட்டார்.

இன்னொன்று, பணம் எப்போதும் இருக்காது. ஹோம்டவுன் ஹீரோஸில் 2023 ஜூலையில் 10 கோடி டாலரோடு திறந்த சுற்று இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. கலிஃபோர்னியாவின் ட்ரீம் ஃபார் ஆல் அதே ஆண்டு 11 நாளில் தீர்ந்தது. பிறகு குலுக்கல் முறைக்குப் போய்விட்டார்கள். அதில் 20 சதவீதம் வரை தருவார்கள், பதிலுக்கு வீட்டு விலை ஏறியதில் ஒரு பங்கு அவர்களுக்கு. வீடு தேடத் தொடங்கும் முன்பே கடன் தரும் லெண்டரிடம் "இந்தத் திட்டத்தில் இன்றைக்குப் பணம் இருக்கிறதா" என்று கேளுங்கள்.

டெக்சாஸில் வேறு கதை. ஹோம்ஸ் ஃபார் டெக்சாஸ் ஹீரோஸ் என்று பெயர். ஆசிரியர், போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர், சிறைக்காவலர், முன்னாள் ராணுவத்தினர் எல்லாம் உண்டு. பள்ளி நர்ஸ் உண்டு, நர்சிங் கல்லூரியில் பாடம் எடுப்பவர் உண்டு. ஹூஸ்டனில் ஐ.சி.யூ.வில் இரவு முழுக்க நிற்கும் நர்ஸ் மட்டும் இல்லை! அவருக்கு அதே அமைப்பின் ஹோம் ஸ்வீட் டெக்சாஸ் இருக்கிறது, அதில் என்ன வேலை என்று பார்ப்பதில்லை. ஆகவே பெயரில் 'ஹீரோ' இருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், அதில் இடம் இல்லை என்று சோர்ந்துபோகவும் வேண்டாம். நியூ ஜெர்சியில் வேலைப் பாகுபாடு இல்லாமலே மாவட்டத்தைப் பொறுத்து 10,000 அல்லது 15,000 டாலர் தருகிறார்கள். 5 வருடம் அதே வீட்டில் இருந்தால் தள்ளுபடி. எடிசன் பக்கம் குடியேறியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது, கேட்டால் நம்ப முடியாது: குட் நெய்பர் நெக்ஸ்ட் டோர். பட்டியல் விலையில் பாதிக்கு வீடு. எஃப்.ஹெச்.ஏ. கடனோடு எடுத்தால் டவுன் பேமெண்ட் 100 டாலர். போலீஸ், தீயணைப்பு, அவசர மருத்துவ ஊழியர், மழலை வகுப்பு முதல் 12 வரையான ஆசிரியர்கள் மட்டும். ஆஸ்பத்திரி நர்ஸுக்கு இதிலும் இடமில்லை. கடன் கட்டாமல் ஜப்தியாகி ஹட் என்ற மத்திய வீட்டுவசதித் துறையின் கைக்கு வந்த வீடுகளை, அதுவும் மறுசீரமைப்புப் பகுதி என்று குறித்த இடங்களில் உள்ளவற்றை மட்டும், ஏழு நாள் இவர்களுக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர் கேட்டால் குலுக்கல். ஆசிரியர் என்றால், அந்த வீடு இருக்கும் பகுதிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேலை பார்க்க வேண்டும்.

உதாரணமாக 1,80,000 டாலர் வீடு 90,000-க்கு வருகிறது என்று வையுங்கள். மீதி 90,000-க்கு ஓர் அடமானம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். வட்டி, தவணை இரண்டும் இல்லை. நீங்கள் அங்கே குடியிருக்கும் ஒவ்வொரு மாதமும் 36-ல் ஒரு பங்கு, அதாவது 2,500 டாலர், கழிந்துகொண்டே வரும். 36 மாதம் முடிந்தால் சுத்தம். நடுவில் வீட்டைக் காலி செய்து வாடகைக்கு விட்டால் மீதிக் கடன் தலையில் விழும். வருடத்துக்கு ஒருமுறை "இங்கேதான் இருக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பவும் வேண்டும். வீடு உள்ளது உள்ளபடி. கூரை ஒழுகினாலும் ஏ.சி. ஓடாவிட்டாலும் உங்கள் பாடு. ஹட் ஹோம்ஸ்டோர் தளத்தில் உங்கள் மாநிலத்தைப் போட்டுப் பாருங்கள், பல சமயம் ஒரு வீடுகூட இருக்காது. தினமும் ஒரு நிமிடம் பார்க்கலாம்; இதை நம்பி இப்போதைய வாடகை ஒப்பந்தத்தை ரத்து செய்யாதீர்கள். இதே போன்ற பெயரில் தனியார் கம்பெனிகளும் உண்டு. ரியல்டர் கமிஷனில் கொஞ்சம் திருப்பித் தருவார்கள், தவறில்லை, ஆனால் அது அரசுத் திட்டம் இல்லை.

உதவியோடு வரும் கடனுக்கு வட்டி பெரும்பாலும் சற்றுக் கூடவே இருக்கும். 3 லட்சம் டாலர் கடனுக்கு 6.5-க்குப் பதில் 7 சதவீதம் என்றால் மாதம் சுமார் 100 டாலர் கூடுதல், வருடம் 1,200. 3 சதவீத உதவி 9,000. ஏழரை வருடத்தில் வாங்கியது முழுக்கப் போய்விடும். (ஏழரை என்று வந்தது கணக்குதான், சனி பகவான் மேல் பழி போடாதீர்கள்.) அதனால் உதவி உள்ள கடன், இல்லாத கடன் இரண்டுக்கும் லோன் எஸ்டிமேட் (வட்டி, தவணை, செலவு எழுதிய தாள்) வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். மாநிலம் வெளியிட்ட கடன் பத்திரங்கள் மூலம் நிதி வந்த கடன் என்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: 9 வருடத்துக்குள் லாபத்தில் விற்று, வருமானமும் நன்றாக ஏறியிருந்தால் மத்திய அரசு அந்த லாபத்தில் ஒரு பகுதியை வரியாகப் பிடிக்குமா என்று. படித்து நர்ஸ் பிராக்டீஷனர் ஆகும் எண்ணம் உள்ளவர்கள் கவனிக்க.

பதிவுக்குக் கீழே வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

"அண்ணா, அப்பா ஊரிலிருந்து பணம் அனுப்புகிறேன் என்கிறார். அதை டவுன் பேமெண்ட்டுக்குக் காட்டலாமா?"

காட்டலாம் தங்கச்சி. திருப்பித் தர வேண்டியதில்லை என்று அப்பா கையெழுத்திட்ட கிஃப்ட் லெட்டர், அவருடைய பேங்க் ஸ்டேட்மெண்ட், பணம் வந்த தடம் மூன்றும் கேட்பார்கள். அவர் கணக்கில் போன வாரம் திடீரென்று 20 லட்சம் விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி வரும். சீட்டு எடுத்த பணம், நகை விற்ற பணம் என்றால் ரொக்கமாக வைத்திருக்காமல் ரசீதோடு முன்கூட்டியே பேங்கில் போடச் சொல்லுங்கள். கடைசி இரண்டு மாத ஸ்டேட்மெண்ட்தான் பொதுவாகப் பார்ப்பார்கள். ஊரில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு பேங்கில் 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரி பிடிப்பார்கள். அப்பா வருமான வரி தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும். ஒரே வருடத்தில் உங்களுக்கு 1 லட்சம் டாலருக்கு மேல் வந்தால் இங்கே படிவம் 3520 தாக்கல் செய்ய வேண்டும். வரி இல்லை, தகவல்தான். விட்டுவிட்டால் அபராதம் கடுமை.

"சென்னையில் என் பெயரில் ஒரு ஃப்ளாட் இருக்கிறது. நான் முதல்முறை வாங்குபவர் ஆவேனா சார்?"

பொது விதி, கடந்த 3 வருடத்தில் நீங்கள் குடியிருந்த சொந்த வீடு இருக்கக் கூடாது என்பது. வாடகைக்கு விட்டிருந்த ஃப்ளாட்டும், போன வருடம் வரை நீங்களே குடியிருந்த ஃப்ளாட்டும் ஒன்றில்லை. திட்ட அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் சொந்தச் சொத்துகளைக் கேட்கும் இடத்தில் அந்த ஃப்ளாட்டையும் அதன் மேல் உள்ள கடனையும் எழுதிவிடுங்கள். "இந்தியாவில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கடன் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் எழுதுவது இங்கே மத்திய அரசுக் குற்றம், பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் கிளறுவார்கள்.