கலைச்சொல் உதவி: கடலுக்கடியில் எழுதும் பலகைக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை கணக்கெடுக்கப் போகும் மாணவர்களுக்காக ஸ்கூபா கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். "டைவ் ஸ்லேட்" என்ற இடத்தில் நிற்கிறேன். வெள்ளை பிளாஸ்டிக் அட்டை, லேசான சொரசொரப்பு. நூலில் கட்டிய சாதாரண பென்சிலால் தண்ணீருக்குள்ளேயே எழுதலாம். பிறகு ஈர மணலோ பற்பசையோ வைத்துத் தேய்த்தால் அழியும். நனையாத தாளில் செய்த சிறு நோட்டும் உண்டு. "நீரடிக் கற்பலகை" என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. கைச்சைகை, கயிற்றுச்சைகை அத்தியாயங்களுக்கும் தலைப்பு வேண்டும்.

---

தம்பி, கல்லே இல்லாத பொருளுக்குக் கற்பலகை எதற்கு? "நீர்ப்பலகை" போதும். நீரின்கண் எழுதும் பலகை என்று விரித்தால் ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, வலி மிகும். பலகை என்பதே அழகான சொல். பல் என்னும் வேர் பருமையைக் குறிக்கும். அதிலிருந்து பலா, பலாவை அறுத்தது பலகை. இதைப் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

---

ஐயா, பலாவிலிருந்து பலகை வந்தது என்பதற்குச் சான்று வேண்டும். ஓசை ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. நீர்ப்பலகை என்றால் அலைமேல் சறுக்கும் பலகைதான் நினைவுக்கு வருகிறது. எழுதுவது என்ற செயலே பெயரில் இல்லையே.

---

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். கையேட்டில் டைவரை "முக்குளிப்பான்" என்று எழுதியிருக்கிறீங்கள். அது குளத்தில் தலையை உள்ளே விட்டு மறையிற பறவையின் பெயர். எங்கட பத்திரிகைகளில் கடற்படைச் சுழியோடிகள் என்றுதான் வரும், சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆகவே "சுழியோடிப் பலகை".

---

பறவைக்கும் ஆளுக்கும் ஒரே பெயர் இருந்தால் என்ன குறை? இருவர் செயலும் ஒன்றுதானே. முங்கு, முழுகு, மூழ்கு, முக்குளி எல்லாம் ஒரே குடும்பம். சுழியோடி என்றால் சுழலில் ஓடுபவர் என்றல்லவா தமிழகத்து மாணவர் படிப்பார்?

---

நான் கடலில் இறங்குகிறவள். பலகையைவிடச் சைகை அத்தியாயம்தான் எனக்குக் கவலை. அதற்குச் "சைகைமொழி" என்று தலைப்பிட வேண்டாம். அது காதுகேளாதோரின் மொழி, தனக்கென இலக்கணம் உள்ளது. அது தெரிந்தவர்கள் கடலடியில் முழு உரையாடலே நடத்துவார்கள். நம்மிடம் இருப்பவை சில குறிகள்தான். "கைக்குறி" என்பதே சரி. விளக்கத்தையும் கவனமாக எழுதுங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் "மேலே போவோம்" என்று பொருள், "நலம்" அல்ல. நலத்துக்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வளையம். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து இருபுறமும் ஆட்டினால் ஏதோ சிக்கல். கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் காற்று தீர்ந்துவிட்டது. பதினைந்து மீட்டர் ஆழத்தில் ஒரு மாணவர் "நன்றாக இருக்கிறேன்" என்று கட்டைவிரலைக் காட்டினால் உடன் இறங்கிய துணைவர் மேலேறத் தொடங்கிவிடுவார்.

கூப்பிட்டும் பயனில்லை. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாயும், காற்றில் பாய்வதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று காதுக்குத் தெரியாது. முதுகில் சுமக்கும் காற்று உருளையைத் தட்டினால் எல்லாரும் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். சிவப்பிலும் எதையும் அச்சிடாதீர்கள். ஆழத்தில் முதலில் மங்குவது அந்த நிறம்தான்.

பலகையின் பெயரோ படகில் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே கூவிக் கேட்கவேண்டியது. நாங்கள் "சிலேட்டு" என்கிறோம். வடசொல்லைத் தமிழெழுத்துக்கு இணக்கி ஏற்கத் தொல்காப்பியர் விதி தந்தார். சிலேட்டும் அப்படி இணங்கிய சொல்தான்.

---

அம்மா சொன்ன கைக்குறியை ஏற்கிறேன். சிலேட்டை ஏற்கமாட்டேன். அந்தக் கரையிலேயே முத்துக்குளித்தவர்களிடம் தேடாமல் வேறெங்கு தேடுவது? கல்லைத் துணையாகக் கொண்டு இறங்கி, மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார்கள்; படகில் இருப்பவர் இழுத்துத் தூக்குவார். "கயிற்றுக்குறி" அங்கேயே இருக்கிறது. பலகைக்குக் "குளிப்பலகை".

---

குளிப்பலகை என்றால் குளியலறை மணை. "எழுதுபலகை" எப்படி? வினைத்தொகை, வலி மிகாது, முக்காலத்துக்கும் பொருந்தும். முன்னால் நீர் சேர்த்து "நீரெழுதுபலகை" என்றாக்க வேண்டாம். "நீர்மேல் எழுத்து" நிலையாமைக்குச் சொன்னது. கணக்கெடுப்புக் குறிப்புக்கு அந்தப் பெயர் ஆகாது.

---

அனைவருக்கும் நன்றி. கைக்குறி, கயிற்றுக்குறி இரண்டுக்கும் மறுப்பில்லை. பலகைக்கு "எழுதுபலகை" என்கிறார்கள் பெரும்பாலோர். முதல் முறை வருமிடத்தில் மட்டும் சிலேட்டு என்றும் சேர்க்கிறேன். நோட்டுக்கு "நனையாச் சுவடி". டைவருக்கு, இந்தப் பதிப்பு தமிழகத்துக்கென்பதால், முக்குளிப்பவர்.

---

முக்குளிப்பவர் ஆகட்டும். ஆனால் படகில் எங்கட பிள்ளைகளும் ஏறுவார்கள், பின்னிணைப்பில் சுழியோடியையும் போடுங்கோ. நனையாச் சுவடிக்கு என் ஒப்புதல் இல்லை. சுவடி என்றால் ஓலை. இதுவோ பிளாஸ்டிக் தாள்.